செய்திக்குப் பூட்டிடும் ஆட்சி மக்களாட்சியா?

மக்களாட்சி என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை இட்டுக்கொள்வது என்றே நம் மக்களுக்குக் கற்பித்து வைத்திருக்கின்றனர். வாக்களிக்கும் உரிமை பெரிது, ஐயமில்லை. ஆனால், வாக்களிப்பவன் எதை அறிந்து வாக்களிக்கின்றான் என்பது அதனினும் பெரிது. ஆட்சியில் நடப்பது இன்னதென்று அறியாமல் இடப்படும் வாக்கு இருட்டில் எறியும் கல்லே. அஃது எங்குப் போய் விழும் என்பதை எறிந்தவனும் அறியான்.

எங்கள் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன ஊர். மாற்றுப் பார்க்காமல் இங்கு ஒருவரும் வெள்ளிக்கு விலை பேசமாட்டார். லீ பசாரில் மஞ்சள் வாங்குவோர் கிழங்கை ஒடித்துப் பார்த்த பின்னரே விலை சொல்வர். காலில் அணியும் கொலுசுக்கும் குழம்பில் இடும் மஞ்சளுக்கும் இத்துணை ஆய்வு வேண்டியிருக்கின்றது. நம் நிலத்தையும் நீரையும் நம் பிள்ளைகளின் வருங்காலத்தையும் ஒப்படைக்கின்றோமே, அந்த ஆட்சியாளரை எந்தக் கல்லில் உரைத்துப் பார்ப்பது? செய்தித்தாளும் தொலைக்காட்சியும், இன்று கைப்பேசிக்குள் வந்து நிற்கும் இணையத்தளமுமே அந்த உரைகல். கல்லைப் பிடுங்கி மறைத்து வைத்துக்கொண்டு, "எங்கள் வெள்ளி நல்ல வெள்ளி, நம்புங்கள்" என்று சொல்லும் ஆட்சியை மக்களாட்சி என்று எங்ஙனம் அழைப்பது?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. இதழ் உரிமை பற்றி இந்திய உச்ச முறைமன்றம் தன் தொடக்க நாள்களிலேயே வழங்கிய பெருந்தீர்ப்பு ஒன்றின் பின்னணியில் நிற்பது நம் சேலம். அந்தத் தீர்ப்பை முறியடிக்கத் தில்லி அன்று முறுக்கிய கயிறே, முக்கால் நூற்றாண்டு கழித்து 2025-இல் ஒரு தமிழ் இதழின் கழுத்தைச் சுற்றிற்று. இந்தத் தொடர்பைத் தமிழ் மக்கள், குறிப்பாகச் சேலத்தார், அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

சேலம் சிறையில் சிந்திய குருதி

1950 சனவரி 26ஆம் நாள் இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடிமக்கள் அனைவர்க்கும் பேச்சுரிமையும் கருத்துரைக்கும் உரிமையும் உண்டென்று அதன் 19ஆம் பிரிவு முழங்கிற்று. முழங்கிப் பதினாறு நாள்கள்தாம் ஆகியிருந்தன. பிப்பிரவரி 11ஆம் நாள் சேலம் நடுவண் சிறைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. அங்கு அடைபட்டிருந்த பொதுவுடைமை இயக்கத்தினர் 22 பேர் மாண்டனர். மேலும் பலர் புண்பட்டனர். மாண்டவருள் பெரும்பாலோர் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்த மலபார்ப் பகுதியினர். நான்கு மதில்களுக்குள் பூட்டி வைக்கப்பட்டவர்கள். ஓடி ஒளிய இடமில்லாதவர்கள். அவர்களின் கொள்கை நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு. அரசின் காவலில் இருந்தவர்கள் அரசின் குண்டுக்கு இரையானார்கள் என்பதே இங்குச் செய்தி.

அந்நாளில் மும்பையிலிருந்து 'கிராசு ரோட்சு' என்னும் ஆங்கிலக் கிழமை இதழ் வந்துகொண்டிருந்தது. இரமேசு தாப்பர் நடத்திய பொதுவுடைமைச் சார்பான இதழ் அது. ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடிய அவ்விதழ் சேலம் சிறைச் சாவுகளையும் கண்டித்து எழுதிற்று. சிறையில் துப்பாக்கி வெடித்த பதினெட்டாம் நாள், அஃதாவது 1950 மார்ச்சு 1ஆம் நாள், குமாரசாமி இராசா தலைமையில் நடந்த சென்னை மாநில அரசு, அவ்விதழ் மாநிலத்துக்குள் நுழையவும் பரவவும் கூடாதென்று தடை போட்டது. தடைக்குச் சொன்ன கரணியம் பொது ஒழுங்கு!

எண்ணிப் பாருங்கள்! சிறைக்குள் 22 உயிர்கள் போயின. அதனால் குலையாத பொது ஒழுங்கு, ஓர் ஏட்டில் நாலு பத்தி அச்சேறியதால் குலைந்துவிட்டதாம்! குண்டு ஒழுங்கைக் குலைக்கவில்லை, எழுத்துத்தான் குலைத்ததாம்! செய்தியை மறைப்பவன் எக்காலத்தும் ஊரைக் காப்பதாகவே சொல்வான். அவன் காத்துக்கொள்வது தன்னையே.

தாப்பர் உச்ச முறைமன்றம் சென்றார். 1950 மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பேச்சுரிமை என்பதனுள் கருத்தைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்றும், பொது ஒழுங்கு என்னும் அகன்ற பெயரைச் சொல்லி அதனைப் பறிக்க அரசியலமைப்பு இடங்கொடுக்கவில்லை என்றும் மன்றம் கூறிற்று. அரசின் பாதுகாப்பே குலையும் அளவிலான கேடு இருந்தாலன்றி எழுத்தைத் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். சென்னை அரசின் தடை தவிடுபொடியாயிற்று.

அதே நாளில் அதே மன்றம் இன்னொரு தீர்ப்பும் வழங்கிற்று. தில்லியிலிருந்து வந்த 'ஆர்கனைசர்' என்னும் இதழ், அச்சிடுமுன் அரசிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டுமென்று தில்லி ஆட்சி இட்டிருந்த ஆணையும் செல்லாதென்று அடிபட்டது. முன்னது பொதுவுடைமையர் ஏடு, பின்னது ஆர்.எசு.எசு. சார்பான ஏடு. இரண்டும் கொள்கையில் ஒன்றையொன்று கடித்துக் குதறுபவை. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே உரிமை கிடைத்தது. இதழ் உரிமை என்பது நமக்கு இனிப்பானவர்க்கு மட்டும் உரியதன்று என்னும் பாடத்தை அந்த ஒரு நாள் கற்பித்தது. கற்றுக்கொண்டவர் எத்தனை பேர்?

முறியடிக்க முறுக்கிய கயிறு

தில்லி கற்றுக்கொண்ட பாடம் வேறு. தீர்ப்புக்கு அடங்குவதை விட்டுவிட்டுத் தீர்ப்பின் அடிப்படையையே மாற்ற முனைந்தது. 1951 சூன் 18ஆம் நாள் அரசியலமைப்பின் முதல் திருத்தம் சட்டமாயிற்று. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்குரிய கரணியங்களுள் பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் என மூன்று புதிய சொற்றொடர்கள் நுழைந்தன. கட்டுப்பாடு தகுந்த அளவினதாய் இருத்தல் வேண்டும் என்னும் அடைமொழியும் அப்போது சேர்க்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். அந்த ஓர் அடைமொழிதான் இன்றளவும் முறைமன்றங்களில் நமக்குக் கைகொடுக்கும் ஊன்றுகோல்.

ஆனால், ஒன்றை மறக்கலாகாது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 இறுதியில்தான் தொடங்கிற்று. அஃதாவது, அனைத்து மக்களும் வாக்களித்துத் தேர்ந்த பாராளுமன்றம் ஒன்று அமையும் முன்னரே, மக்களின் வாய்க்கு அளவெடுத்துப் பூட்டுச் செய்துவிட்டனர். முதல் வாக்கு விழுவதற்குள் முதல் பூட்டு விழுந்துவிட்டது! இவ்வளவுக்கும் ஆண்டவர்கள் ஆங்கிலேயர் அல்லர்; ஆங்கிலேயன் இதழ்களை ஒடுக்கியபோது நெஞ்சு கொதித்து எழுந்தவர்களே.

பூட்டைச் செய்தவன் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பான் என்று நம்புவது பேதைமை. 1975 சூன் 25ஆம் நாள் நெருக்கடி நிலை கொண்டுவரப்பட்டது. அச்சிடுமுன் அரசின் தணிக்கையாளரிடம் ஏட்டைக் காட்ட வேண்டியதாயிற்று. 1976 சனவரி 31-இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர். யார் யார் சிறையில் உள்ளனர் என்பதைக்கூட எழுதவியலாத நிலை. அறிஞர் அண்ணாவின் நினைவு நாளான பிப்பிரவரி 3-இல், அண்ணா நினைவிடத்தில் மலர்வளையம் வைக்க வரவியலாதோர் என்று தலைப்பிட்டு 'முரசொலி' ஒரு பெயர்ப்பட்டியல் வெளியிட்டது. படித்தவர்க்குப் பொருள் விளங்கிற்று. வர இயலாதவர்கள் எங்கே இருந்தனர் என்பதைத் தமிழ் மக்கள் புரிந்துகொண்டனர். செய்தி நீர் போன்றது. அணையிட்டால் கசிந்தாவது வெளிவரும். ஆனால், செய்தி கசிந்துதான் வர வேண்டும் என்னும் நிலை ஒரு நாட்டுக்குப் பெருமையா?

கேலிக்குச் சிறை

தில்லியை மட்டும் குறை கூறி நம்மவரைத் தப்பவிடுவது நேர்மையாகாது. 1987 மார்ச்சில் 'ஆனந்த விகடன்' தன் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வெளியிட்டது. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடரோடும் கொள்ளையரோடும் ஒப்பிட்டு நகையாடும் படம் அது. எவரையும் பெயர் சுட்டவில்லை. ஆயினும், தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஏப்பிரல் 4ஆம் நாள் இதழின் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று திங்கள் கடுங்காவல் என்று பேரவை ஒறுப்பு விதித்தது. அன்றே அவர் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

நாடே கொதித்தது. இதழாளர் எழுந்தனர், கட்சி கடந்து கண்டனம் எழுந்தது. மூன்று திங்கள் ஒறுப்பு மூன்று நாளைத் தாண்டவில்லை, அவரை விடுவித்தனர். அவரோ அத்தோடு விடவில்லை. வழக்குத் தொடுத்தார். அவரைச் சிறையிட்டது முறையன்று என்று 1994-இல் சென்னை உயர்முறைமன்றம் தீர்ப்பளித்து, ஆயிரம் உருபா இழப்பீடும் வழங்கச் சொல்லிற்று. தொகை சிறிது, அதன் பொருள் பெரிது.

அத்தோடு திருந்தினார்களா? 2003 நவம்பர் 7-இல் அதே பேரவை 'தி இந்து' நாளிதழின் பொறுப்பாளர்களையும் 'முரசொலி' ஆசிரியரையும் பதினைந்து நாள் சிறையிட ஆணையிட்டது. மூன்றே நாளில் உச்ச முறைமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. பின்னர்ப் பேரவையை விட்டு அவதூறு வழக்கு என்னும் கருவியைக் கையிலெடுத்தனர். அரசு வழக்கறிஞரைக் கொண்டு, மக்கள் வரிப்பணத்தில், இதழாசிரியர்கள் மேல் ஆட்சியாளர் வழக்கு மேல் வழக்காகத் தொடுத்தனர். அத்தகைய வழக்குகள் பலவற்றை 2020 மே திங்களில் சென்னை உயர்முறைமன்றம் ஒருசேரத் தள்ளிற்று. கொடியின் நிறம் மாறலாம். குறை சொல்பவனைக் கண்டால் ஆட்சியாளர்க்கு வரும் எரிச்சல் மட்டும் மாறுவதில்லை.

ஓசையில்லாப் பூட்டு

இனி 2025-க்கு வருவோம். அவ்வாண்டு பிப்பிரவரித் தொடக்கத்தில் அமெரிக்க அரசு இந்தியர் நூற்றுவருக்கு மேற்பட்டோரைக் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டிப் படை வானூர்தியில் ஏற்றி அமிர்தசரசில் இறக்கிற்று. இந்தியத் தலைமையமைச்சர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரைக் காணச் செல்லவிருந்த நேரம் அது. தலைமையமைச்சரே விலங்கு பூண்டு அமெரிக்கத் தலைவரின் பக்கத்தில் அமர்ந்திருப்பதாக 'விகடன் பிளசு' என்னும் இணைய இதழ் கேலிப்படம் வெளியிட்டது. நம் மக்கள் விலங்கிடப்பட்டபோது நீர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதே அப்படத்தின் பொருள்.

பிப்பிரவரி 15-இல் பாரதிய சனதாக் கட்சியின் அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலை, செய்தி ஒலிபரப்புத் துறையின் இணையமைச்சருக்கு முறையீடு அனுப்பினார். அந்த இணையமைச்சர் நம் நாமக்கல் மண்ணில் பிறந்த முருகன். அன்று இரவே விகடன் தளம் பல இடங்களில் திறக்கவில்லை. கேலிப்படம் உள்ள ஒரு பக்கம் மட்டுமன்று. முழுத் தளமும் முடங்கிற்று. சமையற் குறிப்பு, சிறுகதை, உழவுச் செய்தி, பழைய கட்டுரைகள் என அனைத்தும் ஒரே பூட்டுக்குள் போயின. ஒரு வீட்டுச் சுவரில் எழுதிய ஒரு வரி பிடிக்கவில்லை என்று தெருவையே அடைத்ததற்கு ஒப்பாகும் இது. முன்னறிவிப்பு இல்லை. அலுவலர் குழு அவ்விதழாரைக் கூப்பிட்டுக் கேட்டதோ பிப்பிரவரி 20-இல். முதலில் பூட்டு, அதன்பின் கேள்வி! மார்ச்சு 6ஆம் நாள் சென்னை உயர்முறைமன்றம், படம் உள்ள பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டது. அதுவரை ஏறத்தாழ மூன்று கிழமை ஒரு பெரிய தமிழ் இதழின் இணைய வாயில் சாத்தியே கிடந்தது.

1987-ஐயும் 2025-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று ஓர் ஆசிரியரைச் சிறைக்குக் கொண்டுசென்றனர். விலங்கு கண்ணுக்குத் தெரிந்தது, கதவு அடைபடும் ஓசை காதில் விழுந்தது, மக்கள் சினந்தெழுந்தனர், மூன்று நாளில் கதவு திறந்தது. இன்று எவரையும் எங்கும் கொண்டுசெல்லவில்லை. கைப்பேசித் திரையில் ஒரு வெற்றுப்பக்கம் தோன்றும். படிப்பவர் தம் இணைப்பில் கோளாறு போலும் என்று எண்ணி வேறு பக்கத்துக்குப் போய்விடுவார். ஓசையில்லாமல் பூட்டும் கலை வளர்ந்துவிட்டது. விலங்கு கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் அதனை உடைப்பர். தெரியாத விலங்கை எங்ஙனம் உடைப்பது? இன்றைய பேரிடர் இதுவே.

இந்தப் பூட்டின் பொறியமைப்பைச் சற்று விளக்குவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-அ பிரிவு இணையப் பக்கங்களைத் தடுக்கும் அதிகாரத்தை இந்திய அரசுக்குத் தருகின்றது. அதற்குரிய கரணியங்களை அப்பிரிவு அடுக்குகின்றது. அவற்றுள் பொது ஒழுங்கு உண்டு. அயல்நாடுகளுடன் நட்புறவும் உண்டு. ஆம், சேலம் சிறைச் செய்தியை எழுதிய ஏடு வழக்கில் வென்றதற்கு மறுமொழியாக 1951-இல் நுழைந்த அதே சொற்கள்! 2009-இல் வகுத்த விதிகளோ, முறையீடும் அதன்மேல் எடுக்கும் நடவடிக்கையும் கமுக்கமாக வைக்கப்பட வேண்டும் என்கின்றன. விரைவுத் தேவை என்று அலுவலர் கருதினால், எழுதியவரைக் கேட்காமலே தடுக்கலாம், கேட்பது பிறகு. என்ன ஆணை, எந்தக் கரணியம் என்பவற்றைப் படிக்கும் மக்கள் அறிய வழியே இல்லை. இப்பிரிவை 2015-இல் உச்ச முறைமன்றம் செல்லும் என்றது உண்மையே. ஆனால், கரணியத்தை எழுத்தில் வைக்க வேண்டும், அதனை முறைமன்றத்தில் எதிர்க்கலாம் என்பவற்றைக் காப்புகளாகக் கொண்டே அங்ஙனம் கூறிற்று. ஆணையையே கண்ணில் காட்டாவிட்டால் எதனை எதிர்ப்பது?

கேட்காமல் விதித்த ஒறுப்பு

ஒருபக்கச் சொல்லைக் கேட்டு மறுபக்கத்தைக் கேளாமல் ஆணையிடும் ஆட்சிக்கு என்ன நேரும் என்பதைத் தமிழன் அறியாதவனல்லன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான் பாண்டியன். கோவலனைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டானில்லை. ஆணை பறந்தது, தலை விழுந்தது. பின்னர்க் கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்று அவை கண்டது. அந்த மன்னன் தன் பிழையை உணர்ந்த அந்நொடியே உயிர் துறந்தான். இன்றைய ஆட்சியாளர் உயிர் துறக்க வேண்டா. ஆணையின் படி ஒன்றையாவது கண்ணில் காட்டட்டும்! சிலம்பை உடைத்துப் பார்க்க அவையைத் திறந்து வைத்த பாண்டியனைவிட, ஆணையைக் கமுக்கமாக வைக்கும் இன்றைய ஆட்சி எவ்வகையில் உயர்ந்தது?

செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்பது அரசனின் பண்பு என்று வள்ளுவர் கருதினார். இடித்துரைக்க ஆளில்லாத மன்னனை அழிக்கப் பகைவன் வேண்டியதில்லை என்பதும் அவர் கருத்து. அவர் காலத்தில் இடித்துரைக்கும் பணி அமைச்சருடையது. இன்று அமைச்சர்கள் கைதட்டும் பணியை மேற்கொண்டுவிட்டமையால், இடித்துரைக்கும் பணி இதழாளரிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. அவரையும் வாய்மூடச் செய்தால் யார்தான் சொல்வது?

ஆனந்த விகடனின் மொழிநடை நமக்கு உடன்பாடானதன்று. வடசொல்லும் ஆங்கிலமும் அள்ளித் தெளித்து எழுதும் நடையை நாம் என்றும் ஏற்கோம். ஆயினும் அதன் வாயைப் பூட்டும் உரிமை எவர்க்கும் இல்லை என்று உரக்கச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். நமக்குப் பிடித்தவன் பேசும் உரிமைக்காகக் குரல் கொடுப்பது தன்னலம். பிடிக்காதவன் பேசும் உரிமைக்காகக் குரல் கொடுப்பதே கொள்கை.

"பொய் பரப்புகின்றார்களே!" என்பார்க்கு

"இதழ்களும் இணையமும் பொய்யைப் பரப்புகின்றனவே; சாதிப் பகையும் மதப் பகையும் மூட்டுகின்றனவே; அவற்றை அடக்க வேண்டாவா?" என்று சிலர் கேட்கின்றனர். கேட்பதில் பொருள் உண்டு. பொய்யைக் காசாக்கும் தொழில் பெருகிவிட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால், பொய்யனைத் தண்டிக்கும் வழி திறந்த மன்றத்தில் இருக்கின்றது. குற்றம் இன்னது என்று எழுதுக. அவன் மறுமொழியைக் கேட்க. நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். பொய்யைத் தடுக்கின்றேன் என்று சொல்லி, எதைத் தடுத்தேன் என்பதையே மறைப்பவன் பொய்யைத் தடுப்பவனல்லன். தன் பொய்க்குப் போட்டி வாராமல் பார்த்துக்கொள்பவன். விகடன் படத்தில் பொய் எங்கே இருந்தது? விலங்கு பூட்டியது பொய்யா? வானூர்தி வந்தது பொய்யா? அமைச்சர் பெருமக்கள் மறுமொழி சொல்லியிருக்கலாம், மறுப்பு வெளியிட்டிருக்கலாம், வேண்டுமானால் தாமும் ஒரு கேலிப்படம் வரைந்திருக்கலாம். பூட்டை எடுத்ததுதான் கையில் மறுமொழி இல்லை என்பதற்குச் சான்று.

பணப்பூட்டு

அரசின் பூட்டு ஒன்று. பணத்தின் பூட்டு மற்றொன்று. 2014-இல் 'நெட்வொர்க்கு 18' என்னும் பெருந்தொலைக்காட்சிக் குழுமம் அம்பானியின் கைக்குள் வந்தது. 2022 இறுதியில் 'என்.டி.டி.வி.' அதானியின் கைக்குள் போயிற்று. தமிழ்நாட்டிலோ கட்சிக்கொரு தொலைக்காட்சி. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்ததிலிருந்து, எந்த அலைவரிசையில் எந்தச் செய்தி வரும், எது வாராது என்பதைச் செய்தி தொடங்குமுன்னரே நம் வீட்டுக் குழந்தையும் சொல்லிவிடும். அரசு விளம்பரம் என்னும் எலும்புத்துண்டு வேறு. அதை நம்பி வாழும் ஏடு, போடும் கையைக் கடிக்குமா? 2025-இல் எல்லைகடந்த செய்தியாளர் அமைப்பு வெளியிட்ட இதழ் உரிமைத் தரவரிசையில், 180 நாடுகளுள் இந்தியா 151ஆம் இடத்தில் நின்றது. உலகின் மிகப் பெரிய மக்களாட்சி என்று மார்தட்டுவோர் அந்த எண்ணைச் சற்றே உரக்கப் படிக்கட்டும்.

எனினும் எழுதுகோல் நேராக நிற்குமானால் என்ன செய்யவல்லது என்பதைச் சேலம் கண்டிருக்கின்றது. 2018-இல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலை, பத்தாயிரம் கோடி உருபாத் திட்டம் என்று அறிவித்தனர். முதலமைச்சரும் நம் சேலம் மாவட்டத்துக்காரரே. குப்பனூர், பூலாவரி என ஊர் ஊராக அளவுக்கல் நட்டனர். தம் தென்னையையும் கிணற்றையும் இழக்கவிருந்த தாய்மார்கள் மண்ணில் விழுந்து அழுதனர். எதிர்த்துப் பேசியவர்களைச் சிறையிட்டனர். செய்தி திரட்டச் சென்ற இதழாளரையும் காவலர் விட்டுவைக்கவில்லை. ஆனால், அந்தத் தாய்மாரின் அழுகையைத் தமிழ் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் இளைஞர்களின் கைப்பேசிகளும் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. வயலில் எழுந்த அழுகை நாட்டின் கருத்தாயிற்று. வழக்கு நடந்தது, 2019 ஏப்பிரல் 8-இல் நிலமெடுப்பு அறிவிப்புகளைச் சென்னை உயர்முறைமன்றம் தள்ளிற்று. 2020 திசம்பர் 8-இல் உச்ச முறைமன்றம் புதிய அறிவிப்போடு திட்டத்தைத் தொடரலாம் என்று கூறியது வேறு. வரப்பில் நிற்கும் உழவனின் குரலைக் கோட்டைக்கு எட்டச் செய்தது எது? செய்தி! அந்தச் செய்தியை ஓர் இரவில் ஓசையின்றிப் பூட்டியிருந்தால், அழுகை குப்பனூர் எல்லையைத் தாண்டியிருக்குமா?

மக்கள் கருத்துக்கு மக்கள் மொழி

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்கள் கருத்து மக்கள் மொழியில்தான் பிறக்கும். மக்கள் மொழியில்தான் வளரும். இதனை நம்மைவிட நன்றாக அறிந்தவன் ஆங்கிலேயன். 1878-இல் இலிட்டன் கொண்டுவந்த இதழ் ஒடுக்குச் சட்டம் இந்திய மொழி ஏடுகளை மட்டுமே குறிவைத்தது. ஆங்கில ஏடுகளைத் தொடவில்லை. அப்பிடியிலிருந்து தப்ப, வங்கத்து 'அமிர்த பசார் பத்திரிகை' உடனே தன்னை ஆங்கில ஏடாக மாற்றிக்கொண்டது வரலாறு. ஆங்கிலத்தில் எழுதினால் சிலர் படிப்பர். தாய்மொழியில் எழுதினால் தெருவே படிக்கும் என்பதே ஆங்கிலேயனின் அச்சம். இன்றும் தமிழ் ஏட்டின் ஒரு படத்தைக் கண்டு தில்லி இத்துணை நடுங்குகின்றதெனில், தமிழில் எழுதுவதன் வலிமை என்னவென்று தமிழ் இதழாளர் உணர வேண்டும். ஆங்கில முகவரகம் அனுப்பும் செய்தியை அரைகுறையாக மொழிபெயர்த்துப் போட்டுவிட்டு, அதனைத் தமிழர் கருத்து என்று விற்பது ஏமாற்று. தமிழில் எண்ணி, தமிழ்நிலத்தில் நடந்து திரட்டி, தமிழில் எழுதும் ஏடே தமிழ் மக்களின் வாய்.

நாம் கேட்பன

தில்லியிடம் நாம் கெஞ்சவில்லை, உரிமையோடு கேட்கின்றோம். இணையப் பக்கத்தைத் தடுக்கும் ஒவ்வோர் ஆணையும் கரணியத்தோடு வெளியிடப்பட வேண்டும். இணையத் துண்டிப்பு ஆணைகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 சனவரி 10-இல் உச்ச முறைமன்றமே கூறியிருக்கும்போது, ஓர் இதழின் வாயை அடைக்கும் ஆணைக்கு மட்டும் கமுக்கம் ஏன்? தமிழ் ஏட்டின் மேல் இடப்படும் ஆணை தமிழிலும் இருத்தல் வேண்டும். எழுதியவரைக் கேளாமல் பூட்டலாகாது. ஒரு பக்கத்தின் மேல் குறை இருந்தால் அந்தப் பக்கத்தின் மேல் வழக்குத் தொடுக்கட்டும். ஏடு முழுவதையும் முடக்கலாகாது. பூட்டும் அதிகாரம் அமைச்சரின் அலுவலரிடம் இருத்தலாகாது. நடுவரிடமே இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு ஆட்சியாளரும் தம் கையிலுள்ள அவதூறு வழக்குக் கோலையும் பேரவை உரிமைக் கோலையும் கீழே வைக்கட்டும். அதைச் செய்யாமல் தில்லியைக் கண்டிக்கும் தகுதி அவர்க்கு வாராது.

தமிழர்களே! இறுதியாக உங்களுக்கும் ஒரு சொல். இதழ் உரிமை என்பது இதழ் முதலாளியின் சொத்தன்று. அது படிப்பவரின் உரிமை. உங்கள் கண்ணுக்கு எது படக்கூடாது என்று எவனோ ஒருவன் தில்லியில் அமர்ந்து முடிவு செய்கின்றானெனில், கட்டப்படுவது ஏட்டின் வாயன்று, உங்கள் கண்! கண்ணைக் கட்டிக்கொண்டு வாக்குச் சாவடிக்குப் போகலாமா? இலவயமாகக் கிடைக்கும் செய்திக்குப் பின்னால் எவனோ விலை கொடுத்திருக்கின்றான் என்பதை அறிமின். நேர்மையான ஏட்டைக் காசு கொடுத்து வாங்குமின். அக்கம்பக்கத்தார்க்கும் படிக்கக் கொடுமின். தெருவுக்கொரு படிப்பகம் அமைத்து, ஒன்றுக்கு இரண்டு ஏடுகளை ஒப்பிட்டு உரைத்துப் பாருங்கள். மாற்றுக் குறைந்த செய்தியைப் பட்டறைக்காரன் போலத் தள்ளுங்கள். ஓர் ஏடு முடக்கப்பட்டால், அது பகைவர் ஏடே ஆயினும், மறுநாளே தெருவில் நின்று கேளுங்கள்.

சேலம் சிறையில் வீழ்ந்த இருபத்திருவரின் செய்தியை 1950-இல் ஓர் அரசாணையால் மறைக்க முயன்றனர். இன்று அந்த ஆணை எங்கே? அச்செய்தியோ முக்கால் நூற்றாண்டு கடந்தும் இதோ உங்கள் கையில் இருக்கின்றது. பூட்டுகள் துருப்பிடிக்கும், சொல் துருப்பிடிப்பதில்லை. ஆனால், அந்தச் சொல்லைக் காக்கும் பொறுப்பு எழுதுபவனுக்கு மட்டும் உரியதன்று, படிப்பவனுக்கும் உண்டு. உணர்மின்! எழுமின்!